விமான இரைச்சல்: ஜன்னலை மாற்றுவதா, முறையிடுவதா, வீட்டையே மாற்றுவதா?

சிங்கப்பூரில் ஹவ்காங்கிலும் சிராங்கூன் நார்த்திலும் குடியிருப்பவர்கள், பாசிர் ரிஸ்ஸில் வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்கள், தெங்காவில் புதிதாகச் சாவி வாங்கியவர்கள் என்று பலரும் ஒரே சிக்கலோடு வருகிறார்கள். விமானச் சத்தம் வீட்டுக்குள் பேச்சை நிறுத்துகிறது, குழந்தையை எழுப்புகிறது. ஒருவர் இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறார். இன்னொருவர் வீட்டை விற்க முகவரிடம் பேசிவிட்டார். இன்னும் சிலர், பாய லேபார் ஆகாயப் படைத் தளம்தான் இடம் மாறப் போகிறதே, அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா என்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: அந்தச் சத்தம் உங்களுக்கு எந்த நேரத்தில் வருகிறது? எவ்வளவு சத்தம் என்று அளப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டால், பல ஆயிரம் வெள்ளி வீணாகாமல் மிஞ்சும்.

## தலைக்கு மேல் பறப்பது எது?

சிங்கப்பூரில் விமானச் சத்தம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

சாங்கி விமான நிலையம் 1981ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் 1955 முதல் பாய லேபார்தான் அனைத்துலக விமான நிலையமாக இருந்தது. அங்கே ஊரின் மேலேயே விமானங்கள் ஏறி இறங்கின. சாங்கியைக் கடலோரத்தில், கடலைத் தூர்த்த நிலத்தில் கட்டியதற்கு இரைச்சலும் ஒரு காரணம். சாங்கியின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு-தெற்காக, சற்றே கிழக்கு சாய்ந்து கிடக்கின்றன. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். அதனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் வடக்கு நோக்கி ஏறுகின்றன. தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வடக்கிலிருந்து வந்து இறங்கி, தெற்கே கடலை நோக்கி ஏறுகின்றன. பாசிர் ரிஸ், சாங்கி வில்லேஜ் பக்கத்தில் சில மாதங்கள் சத்தம் கூடுவதும் பிறகு தணிவதும் இதனால்தான். சாங்கி இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, இரவுத் தடை கிடையாது. எனவே இரவில் வருவது பெரும்பாலும் பயணிகள் விமானம் அல்லது சரக்கு விமானம்.

பாய லேபார் இப்போது ஆகாயப் படைத் தளம். எஃப்-15 போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. தெங்காவில் எஃப்-16. செம்பவாங்கில் ஹெலிகாப்டர்கள், ஈசூன்காரர்களுக்கு அந்தத் தடதடப்பு பழக்கம். போர் விமானங்கள் பெரும்பாலும் வேலை நாள்களில் பகலில் பறக்கும், இரவுப் பயிற்சியும் இடையிடையே உண்டு. சிலேத்தாரில் சிறிய விமானங்களும் தனியார் ஜெட்களும்தான். ஜாலான் காயு வட்டாரத்தைத் தவிர மற்றவர்களுக்கு அது பெரிய தொல்லை இல்லை.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைகள் நடக்கும். இரட்டைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் விமானக் கண்காட்சி வரும். அந்த வாரங்களின் சத்தத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம் முதல் அளவுகோல் என்று சொன்னேன். இரண்டாவது, உச்சமா சராசரியா என்பது.

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் அடங்காது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு: நாள் முழுக்க 50 டெசிபலில் இருக்கும் ஒரு வீட்டில், இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு விமானம் 80 டெசிபலில் 20 விநாடி கடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி ஏறக்குறைய 58. இருபத்துநான்கு மணி நேரச் சராசரியோ 51ஐக்கூட எட்டாது. தாளில் அந்த விமானம் காணாமல் போய்விடும். வீட்டில் எல்லாரும் விழித்திருப்பார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் ஐரோப்பிய வட்டாரத்துக்கு வெளியிட்ட வழிகாட்டி, விமானச் சத்தம் நாள் சராசரியில் 45 டெசிபலுக்கும் இரவுச் சராசரியில் 40 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அந்த நாள் சராசரியைப் போடும்போது மாலைச் சத்தத்தோடு 5 டெசிபலும் இரவுச் சத்தத்தோடு 10 டெசிபலும் கூட்டிக்கொள்கிறார்கள். அதாவது, இரவில் வரும் ஒரு விமானம் பகலில் வரும் பத்து விமானங்களுக்குச் சமம் என்று அந்தக் கணக்கே ஒத்துக்கொள்கிறது.

மூன்றாவது, சத்தத்தின் தன்மை. விசில் போன்ற கூர்மையான ஒலியைக் கண்ணாடி நன்றாகத் தடுக்கும். நெஞ்சுக்குள் அதிரும் அடித்தொனியைத் தடுப்பது கடினம். போர் விமானம் ஏறும்போது அந்த அடித்தொனிதான் அதிகம். நான்காவது செலவு, அதிலும் விலைப்பட்டியலில் வராத செலவு. ஐந்தாவது, இன்னும் எத்தனை ஆண்டு அந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்பது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆறாவதாக ஒன்றும் உண்டு. லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் நடந்து 2005ல் வெளிவந்த ஆய்வில், விமானச் சத்தம் கூடக்கூடப் பிள்ளைகளின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைவது தெரிந்தது. 5 டெசிபல் கூடினால் பிரிட்டிஷ் பிள்ளைகளின் வாசிப்பு இரண்டு மாதம் வரை பின்தங்கியது. 'பிள்ளைக்குப் பழகிவிடும்' என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாத விஷயம் இது.

## அளந்து பார்ப்பது: கைப்பேசியா, கருவியா, நிலையமா?

மூன்று வழிகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு முதல் வழியே போதும்.

கைப்பேசிச் செயலி இலவசம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வெளியிட்ட செயலி ஐபோனில் இயங்கும், ஓரளவு நம்பலாம். மற்றச் செயலிகள் காட்டும் எண் போனுக்குப் போன் மாறும். ஆனால் கைப்பேசியின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், ஒரே கைப்பேசியில் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசத்தைப் பெரிதும் நம்பலாம். ஜன்னல் முடிவுக்கு உங்களுக்குத் தேவை இந்த வித்தியாசம்தான்.

செய்வது எளிது. முதலில் வீட்டுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் நின்று, விமானம் கடக்கும்போது உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு விமானத்துக்குப் படுக்கையறையில் காற்றாடியை நிறுத்தி, ஜன்னலை இறுக்கமாக மூடிவிட்டு உள்ளே அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு விமானத்தோடு நிறுத்தாமல், ஒரே வகை விமானங்கள் பலவற்றைப் பார்த்துச் சராசரியாக வித்தியாசம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். 15 டெசிபலை ஒட்டி இருந்தால் உங்கள் வீட்டில் எங்கோ ஓசை ஒழுகுகிறது, இடைவெளிகளை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஏற்கெனவே 25ஐ ஒட்டி இருந்தால் கண்ணாடியை மாற்றினால்தான் மேற்கொண்டு பலன் கிடைக்கும். அந்தப் பலனும் ஏறக்குறைய இன்னொரு 10 டெசிபல்.

அப்புறம், எந்த விமானம் என்பதையும் குறிக்க வேண்டும். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் பயணிகள் விமானங்களின் எண், உயரம், பாதை எல்லாம் தெரியும். படை விமானங்கள் பொதுவாகத் தெரியாது. தலைக்கு மேல் சத்தம் இருக்கிறது, செயலியில் ஒன்றும் இல்லை என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

அளவு சரிபார்க்கப்பட்ட ஒலிமானி, அதாவது சத்தத்தை அளக்கும் தனிக் கருவி (துல்லியத்தில் இரண்டாம் வகுப்பு போதும்), பல வீடுகள் சேர்ந்து முறையிடப் போகும்போது பயன்படும். பொது வீட்டுக் கூரைமேல் நிரந்தர ஒலிவாங்கி பொருத்தும் நிலையம், விமான நிலையங்களும் ஆணையங்களும் செய்ய வேண்டிய வேலை. ஆளில்லாமல் இயங்கும் அத்தகைய நிலையங்களுக்கு ஐஎஸ்ஓ 20906 என்று தனித் தரநிலையே இருக்கிறது. தனி வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை. கருவி எதுவானாலும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சேர்ந்து, வெளியே 3 டெசிபல் வரை கூட்டிக் காட்டும்.

## வழி ஒன்று: ஜன்னலை மாற்றுவது

அதிகம் பேர் முதலில் நினைப்பது இதைத்தான். அதிகம் பேர் தவறாகப் பணம் போடுவதும் இதில்தான்.

திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல் குறைக்கும். மூடிய சாதாரணக் கண்ணாடி 25ஐ ஒட்டி. நல்ல அடுக்குக் கண்ணாடியும் இறுக்கமான சட்டமும் சேர்ந்தால் 35ஐத் தாண்டலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தப் பரப்பில் ஒரே ஒரு விழுக்காடு திறந்திருந்தால் போதும், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. அந்த ஒரு விழுக்காடு நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: குளியலறையின் கண்ணாடிச் சட்டங்கள் முழுதாக மூடுவதே இல்லை. குளிர்சாதனக் குழாய் போகும் துளையைச் சுற்றி இடைவெளி இருக்கும். படுக்கையறைக் கதவின் அடியில் ஒரு விரல் நுழையும். இழுத்து மூடும் ஜன்னலின் இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் தூரிகை போன்ற பட்டைதான் இருக்கிறது, அது காற்றையே முழுதாகத் தடுக்காது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள், தூங்கும் அறை அல்லது பிள்ளை படிக்கும் அறை. அதன் இடைவெளிகளை அடையுங்கள், ரப்பர் பட்டைகளைப் புதுப்பியுங்கள். விமானம் புளோக்கின் ஒரு பக்கமாகக் கடந்தால், மறுபக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிப் பாருங்கள். நேர் மேலே கடந்தால் இது பலிக்காது. இதற்கெல்லாம் பிறகும் போதவில்லை என்றால் கண்ணாடிக்குப் போங்கள்.

கண்ணாடி வாங்கும்போது, வெப்பத்துக்காக விற்கப்படும் இரட்டைக் கண்ணாடியையே சத்தத்துக்கும் சிறந்தது என்று சொல்லி விற்பார்கள். அதில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான். அடித்தொனிக்கு அது போதாது. நடுவில் ஒட்டுப்படலம் வைத்த கனமான அடுக்குக் கண்ணாடி, வெளிப்பக்கமாகத் திறந்து ரப்பரில் அழுந்தி மூடும் சட்டம், இவை இரண்டும் சேர்ந்தது பெரும்பாலும் மேல். இருக்கும் ஜன்னலை அப்படியே விட்டு, உட்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு ஜன்னல் போடுவது இன்னும் நல்லது. ஆனால் சுவரின் தடிமன் இடம் கொடுக்க வேண்டும், திறப்பதற்கும் இரண்டு முறை கை நீட்ட வேண்டும்.

கனமான கண்ணாடி என்றால் கீல்களுக்கும் பாரம் கூடும். அடுக்குமாடியில் ஜன்னல் விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர் போகலாம், வீட்டுக்காரர் குற்றம் செய்தவராவார். அங்கீகாரம் பெற்ற ஜன்னல் ஒப்பந்ததாரரைத் தவிர வேறு யாரிடமும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் ஜன்னல்களில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள்தான் இருக்க வேண்டும் என்பது 2004 முதல் இருக்கும் விதி.

விலைப்பட்டியலில் வராத செலவு, மூடிய ஜன்னலுக்குள் வாழ்வது. நம் ஊர் வெயிலில் அடைத்த அறையில் குளிர்சாதனம் இல்லாமல் தூங்க முடியாது. இரவு 8 மணி நேரம், சராசரியாக 600 வாட் இழுக்கும் கருவி, ஓர் அலகு ஏறக்குறைய 30 காசு என்று வைத்தால் ஓர் அறைக்கே மாதம் 40 வெள்ளியைத் தாண்டும். அதோடு நம் வீடுகளில் இருக்கும் குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்று உள்ளே வராது. காலையில் தலை கனக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடி இங்கேயே நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2020ல், திறந்த ஜன்னலின் கம்பிகளில் 24 சிறிய ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, எதிர்மாறான ஒலியலையால் சத்தத்தை அழித்து, 10 டெசிபல் வரை குறைத்துக் காட்டியது. காற்று தடைபடாமல் சத்தம் மட்டும் குறைகிறது என்பது நம் தட்பவெப்பத்துக்கு எவ்வளவு பெரிய வரம்! ஆனால் மிகத் தாழ்ந்த அடித்தொனியில் சின்ன ஒலிபெருக்கிகளால் அதிகம் செய்ய முடியாது. போர் விமானத்துக்கு இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஜன்னல் யாருக்குச் சரி? இரவில் பயணிகள் விமானம் எழுப்புகிறது, ஏற்கெனவே குளிர்சாதனத்தில்தான் தூங்குகிறீர்கள், இன்னும் ஐந்து ஆண்டுக்கு மேல் அந்த வீட்டில் இருப்பீர்கள் என்றால் தயங்க வேண்டாம். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டுக்கு, பகலில் வரும் போர் விமானத்துக்கு, இது கிட்டத்தட்ட வீண்செலவு.

## வழி இரண்டு: முறையிடுவது

செலவு மிகக் குறைவு, பொறுமைதான் விலை.

எங்கே முறையிடுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பயணிகள் விமானம் என்றால் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். படை விமானம் என்றால் தற்காப்பு அமைச்சு. நகர மன்றத்தால் வானத்தில் ஒன்றும் செய்ய முடியாது. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகலாம். கையில் பதிவேடு இருந்தால் அந்தச் சந்திப்பின் மதிப்பே வேறு.

பதிவேட்டில் தேதி, நிமிடம் வரை நேரம், வீட்டின் தளம், விமானம் வந்த திசை, சத்தம் நீடித்த நேரம், அதனால் நின்றுபோன வேலை, இவ்வளவு இருந்தால் போதும். 'தாங்க முடியவில்லை' என்ற சொல்லை யாரும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. 'செவ்வாய் இரவு 10.42, பதினொன்றாம் மாடி, வடக்கிலிருந்து, அரை நிமிடம், குழந்தை எழுந்தது' என்றால் பறப்புப் பதிவோடு வைத்துப் பார்க்கலாம். ஒரே புளோக்கில் வெவ்வேறு தளங்களில் உள்ள சில வீடுகள் ஒரே மாதத்தில் இப்படிக் குறித்தால், வட்டாரக் குடியிருப்பாளர் குழுவான வசிப்போர் கட்டமைப்பு வழியாக அனுப்பும்போது அதைத் தனிமனிதப் புலம்பல் என்று ஒதுக்க முடியாது.

என்ன கேட்பது என்பது அதைவிட முக்கியம். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001ல் ஏற்றுக்கொண்ட சமநிலை அணுகுமுறையில் நான்கு படிகள் உண்டு: விமானத்தின் சத்தத்தையே குறைப்பது, நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, கடைசியாகத்தான் பறப்பதைக் கட்டுப்படுத்துவது. ஃபிராங்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை தடை இருக்கிறது. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை. சாங்கி இந்த வட்டாரத்தின் இணைப்பு மையம், அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கே முழு இரவுத் தடை கேட்பது நடக்காது என்பது என் கருத்து, கேட்பவரின் மற்றக் கோரிக்கைகளும் அதோடு சேர்ந்து ஒதுக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

ஹாங்காங் வேறு வழி கண்டது. நள்ளிரவு முதல் காலை 7 வரை, காற்றும் பாதுகாப்பும் இடம் கொடுத்தால், விமானங்களைக் கடல் பக்கமாகவே இறக்குகிறார்கள். நம் ஓடுபாதையின் தெற்கிலும் கடல்தான். பின்னிரவில், காற்று மெதுவாக இருக்கும் மணிகளில், ஊரை ஒட்டிய பக்கத்தைத் தவிர்க்க முடியுமா என்று கேட்பது நியாயமான, பதில் சொல்லத்தக்க கேள்வி. அதேபோல் தளங்களிடம், இரவுப் பயிற்சி முடியும் நேரம், தேர்வு நாள்கள், பயிற்சிக் காலத்தை முன்கூட்டி அறிவிப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். பயிற்சியை நிறுத்தச் சொல்வதைவிட அதன் மணியை மாற்றச் சொல்வதற்குக் காது கொடுப்பார்கள். தேசிய சேவை செய்த பிள்ளைகள் உள்ள வீடுகள் நம்முடையவை. படை பறக்க வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த மரியாதையோடுதான் கேட்கவும் வேண்டும்.

எம்ஆர்டி ரயில் தடத்தில் போட்டதுபோல் ஒலித்தடுப்புச் சுவர் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மேலே இருந்து வரும் சத்தத்தைச் சுவர் மறைக்காது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்ஹோலில் நிலத்தை வரப்பு வரப்பாக உயர்த்தி ஒலியைக் குறைத்தார்கள், ஆனால் அது ஓடுபாதையில் தரையோடு வரும் ஒலிக்கு.

## வழி மூன்று: வீடு மாறுவது

சத்தம் முழுதாகத் தீர்வது இதில் மட்டும்தான். செலவும் இதில்தான் அதிகம்.

600,000 வெள்ளிக்கு மறுவிற்பனை வீடு வாங்கினால் வாங்குவோர் முத்திரைத் தீர்வை மட்டும் 12,600 வெள்ளி. முகவர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், புதுப்பிப்பு வேலை எல்லாம் தனி. பழைய வீட்டுக்கு எடுத்த மத்திய சேமநிதியை 2.5 விழுக்காடு வட்டியோடு கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் கையில் ரொக்கமாக வராது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஐந்து ஆண்டு முடியாதவர்களுக்கு இந்த வழியே இல்லை. வீவகவின் பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குப் பத்து ஆண்டு. அதோடு பிள்ளையின் பள்ளி, பக்கத்துப் புளோக்கில் இருக்கும் அப்பா அம்மா. இதற்கெல்லாம் வெள்ளிக் கணக்கு போட முடியாது.

மாறுவதென்று முடிவெடுத்தால், புது வீட்டை எந்த நாளில் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். வீடு பார்க்க எல்லாரும் போவது சனி, ஞாயிறு. போர் விமானங்கள் அதிகம் பறக்காத நாள்களும் அவைதான். தெங்காவிலோ ஹவ்காங்கிலோ வாங்குபவர் வேலை நாள் காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். பாசிர் ரிஸ்ஸில் ஜூலையில் பார்த்த வீடு ஜனவரியில் எப்படி இருக்கும் என்று அங்கேயே குடியிருப்பவரிடம் கேளுங்கள். உயர்ந்த மாடிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். சாலைச் சத்தத்துக்கு அது நியாயம், விமானச் சத்தத்துக்கு அங்கே எந்த மறைப்பும் கிடையாது.

## வழி நான்கு: காத்திருப்பது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. சில வட்டாரங்களுக்கு இதுவே சிறந்தது.

பாய லேபார் தளத்தை இடம் மாற்றுவதாக 2013 தேசிய தினக் கூட்ட உரையில் அறிவித்தார்கள். 2030களில் தொடங்கி அது நடக்கும். ஏறக்குறைய 800 ஹெக்டர் நிலம் கிடைக்கும், அந்த வட்டாரத்தில் 150,000 வீடுகள் வரை கட்டலாம் என்று 2022ல் சொன்னார்கள். கட்டட உயரக் கட்டுப்பாடும் தளரும். ஹவ்காங், சிராங்கூன் வீட்டுக்காரருக்கு இரட்டை நன்மை: சத்தம் போகும், வட்டாரத்தின் மதிப்பும் கூடலாம். இப்போது நட்டத்துக்கு விற்றுவிட்டுப் போகிறவர் அந்த நன்மையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆனால் விமானங்கள் எங்கே போகின்றன? சாங்கி படைத்தளம் விரிவடைகிறது. தெங்கா தளத்தையும் விரிவாக்கி, பாய லேபாரின் ஒரு பகுதியை அங்கே கொண்டுபோவதாக 2017ல் அறிவித்தார்கள். சுவா சூ காங் மயானத்தின் ஒரு பகுதியைத் தோண்டி இடம் மாற்றியது அதற்காகத்தான். எனவே ஹவ்காங்கில் காத்திருப்பது புத்திசாலித்தனம். தெங்காவில் சத்தம் தானாகக் குறையும் என்று காத்திருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சாங்கிப் பக்கத்தில் ஐந்தாம் முனையம் 2030களின் நடுவில் திறக்கும், மூன்றாம் ஓடுபாதையும் பயணிகள் விமானங்களுக்கு வரும். அங்கே பறப்பது கூடும், ஆனால் புதிய ஓடுபாதை ஊரைவிட்டு இன்னும் கிழக்கே தள்ளி இருக்கிறது, அது நல்லது.

ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையம் 1992ல் வேறிடத்துக்கு மாறியபோது பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பழைய இடத்தில் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மேம்பட்டன. புதிய இடத்தில் தளர்ந்தன. சத்தம் போனால் பாதிப்பும் மீளும் என்பது ஹவ்காங் பெற்றோருக்கு ஆறுதல். ஆனால் இன்று தொடக்கநிலை ஒன்றில் இருக்கும் பிள்ளை, தளம் நகர்வதற்குள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதிவிடக்கூடும். காத்திருக்கும் வீட்டிலும் அந்தப் பிள்ளை படிக்கும் ஓர் அறையையாவது இப்போதே அடைத்துத் தர வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தச் சத்தத்துக்கு | மறைந்திருக்கும் செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| இடைவெளி அடைத்தல், அறை மாற்றம் | எல்லாவற்றுக்கும் முதல் படி | காற்றோட்டம் குறையும் | அளந்தபோது வித்தியாசம் 15ஐ ஒட்டி இருந்த வீடுகள் |
| கண்ணாடி மாற்றம் | இரவுப் பயணிகள் விமானம் | மின்கட்டணம், அடைந்த காற்று | சாங்கிப் பக்கம், நீண்டகாலம் தங்குபவர் |
| முறையீடு | குறிப்பிட்ட மணியில் திரும்பத் திரும்ப வருவது | மாதக்கணக்கில் பதிவு எழுதும் உழைப்பு | சேர்ந்து செயல்படும் புளோக் |
| வீடு மாறுதல் | நாள் முழுக்க வருவது | தீர்வை, கட்டணங்கள், உறவும் பள்ளியும் | உடல்நலம் பாதிக்கப்பட்டவர், எப்படியும் மாற நினைத்தவர் |
| காத்திருத்தல் | பாய லேபார் | பிள்ளையின் பள்ளிக் காலம் | ஹவ்காங், சிராங்கூன் |

காதடைப்பான் பற்றியும் கேட்கிறார்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கிறது, சரியாகச் செருகினால் பல ஜன்னல்களைவிட நன்றாகவே வேலை செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டிலும், வயதானவரைத் தனியே பார்த்துக்கொள்பவருக்கும் வேண்டாம், கேட்க வேண்டிய குரலும் கேட்காமல் போய்விடும்.

மிகக் கடினமான நிலை, பாய லேபார் அருகே குடியிருந்துகொண்டு இரவுப் பணிக்குப் போய்ப் பகலில் தூங்கும் தாதியர், பாதுகாவலர், துறைமுக ஊழியர் ஆகியோருடையது. முறையீடு இரவைக் காக்கும், அவர்களின் பகலைக் காக்காது. வாடகைக்கு இருப்பவர் என்றால் ஒப்பந்தம் முடிகிற மாதமே வட்டாரத்தை மாற்றுங்கள், ஜன்னலில் பணம் போடாதீர்கள். சொந்த வீடு என்றால் தளத்துக்கு மறுபக்கம் பார்த்த சிறிய அறையைத் தூங்கும் அறையாக்கி, அதன் கதவிடுக்கையும் குழாய்த் துளையையும் அடைத்து, உட்பக்கம் இன்னொரு ஜன்னல் போடுங்கள். பகலில் அந்த அறைக்கு மட்டும் குளிர்சாதனம் ஓடட்டும்.